தோர்னக்கல் அசரியா: வெள்ளைக்காரர் வைத்த பொம்மையா, சொந்தக் காலில் நின்ற பிஷப்பா?

பனங்காடு

போன வாரம் செகந்திராபாத்திலிருந்து விஜயவாடா போகும்போது ரயில் தோர்னக்கல் ஜங்ஷனில் நின்றது. பலகையில் பெயரைப் பார்த்ததும் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில், நெல்லைப் பக்கம், அடுப்பில் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனி டின்னில் போடுவாள். "தோர்னக்கல் அரிசி" என்றுதான் அதற்குப் பெயர். மாதக் கடைசியில் அது கோயிலுக்கு (எங்கள் பக்கம் சர்ச்சையும் கோயில் என்போம்) போய்விடும். தோர்னக்கல் எந்தத் திசையில் இருக்கிறது என்று பாட்டிக்குக் கடைசிவரை தெரியாது.

ஊருக்குப் போன் பண்ணி இதைச் சொன்னதும் வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. "முதல் இந்திய பிஷப் நம்ம ஊர்க்காரர்டே" என்று மாமா பெருமை பேச, அவர் மகன் "வெள்ளைக்காரன் ஷோகேஸில் வைத்த பொம்மை அவர்" என்றான். கால்டுவெல்லைப் பற்றி இணையத்தில் எத்தனையோ இழைகள் ஓடியிருக்கின்றன. அசரியாவைப் பற்றி ஒன்றும் கண்ணில் படவில்லை, அதனால் நானே தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874ல் வெள்ளாளன்விளையில் பிறந்தார். அப்பா ஆங்கிலிக்கன் சபையில் (இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தது) குரு, நாடார் குடும்பம். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார், ஆனால் பட்டம் வாங்கவில்லை. ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகச் சுற்றினார். 1909ல் குருப்பட்டம் பெற்று நிஜாம் சமஸ்தானத்துத் தோர்னக்கலுக்குப் போனார். 1912 டிசம்பர் 29ல் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். 1945 ஜனவரி 1ல் தோர்னக்கலிலேயே இறந்தார்.

மாமா சொன்னது சரியா, மச்சான் சொன்னது சரியா?

சந்தேகராசா

மச்சான் பக்கம் ஒரு ஓட்டு.

1912ல் ஒரு இந்தியரை பிஷப் ஆக்கினார்கள், சரி. அடுத்த இந்தியருக்கு எப்போது ஒரு திருமண்டலத்தை (ஒரு பிஷப் ஆளும் பகுதி) கொடுத்தார்கள்? 1945ல் அவர் சாகும்வரை, ஆங்கிலிக்கன் சபையில் தனித் திருமண்டலத்தை ஆண்ட இந்தியர் அவர் ஒருவர்தான். முப்பத்திரண்டு வருஷம், ஒரே ஆள். கதவைத் திறந்தவர்கள் அப்படியா செய்வார்கள்? அவரை உள்ளே விட்டுவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள்.

அனுப்பிய இடத்தையும் பாருங்கள். திருநெல்வேலியை ஏன் கொடுக்கவில்லை? ஐந்து தலைமுறைக் கிறிஸ்தவர்கள், பள்ளிக்கூடம், கல்லூரி, பங்களாக்கள், வெள்ளைக்கார மிஷனரிகள் எல்லாம் இருந்த இடம் அது. அங்கே ஒரு "நேட்டிவ்" உட்கார்ந்து வெள்ளைக்காரருக்கு உத்தரவு போட முடியுமா? அதனால் நிஜாம் நாட்டில், நிலக்கரி ஏற்றும் ரயில் நிற்கும் ஒரு மூலையில், கொஞ்சமே சபையாக இருந்த பொட்டலைக் கொடுத்தார்கள். திருநெல்வேலிக்கு இந்தியர் பேராயராக வர நாடு சுதந்திரம் வாங்க வேண்டியிருந்தது.

மெஞ்ஞானபுரத்து அண்ணாச்சி

தம்பி சந்தேகராசா, பாதி விவரத்தை வைத்துக்கொண்டு வழக்காடுகிறீர்.

தோர்னக்கலை வெள்ளைக்காரன் தேடிப் பிடித்து அவருக்குக் கொடுக்கவில்லை. அதைத் தேடிப் போனது நாங்கள். 1902ல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்ச் சபையார் தங்கள் காசில் தாங்களே மிஷனரி அனுப்புவதைப் பார்த்தார். நம்ம ஊரில் இத்தனை சபை இருந்தும் எல்லாவற்றுக்கும் லண்டனைப் பார்த்துக் கைநீட்டுகிறோமே என்று அவருக்கு உறைத்தது. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம், இதுதான் சட்டம். வெளிநாட்டுக் காசு தொடக்கூடாது. அடுத்த வருஷமே மானுக்கோட்டைக்கு, அதாவது இன்றைய மகபூபாபாத்துக்கு, ஆள் போனது. பனங்காடு தம்பியின் பாட்டி போட்ட பிடி அரிசிக்குப் பின்னால் இருந்தது அந்தச் சங்கந்தான்.

சொந்தமாக உழுது போட்ட வயலுக்கு அவர் போய் உட்கார்ந்தார். இதில் பொம்மை எங்கே வந்தது?

அப்புறம் இன்னொன்று. சங்கச் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களை வாரங்கல் காட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கலாம். நானே போகிறேன் என்று முப்பத்தைந்து வயதில், பெண்டாட்டி பிள்ளைகளோடு, புதிதாகத் தெலுங்கு கற்றுக்கொண்டு கிளம்பினார். அவர் மனைவி அன்பு மரியம்மாள் அந்தக் காலத்திலேயே கல்லூரிப் படிப்புக்குப் போனவர். வரதட்சணை வாங்காமல் நடந்த கல்யாணம் அது. இன்றைக்கு நம்ம பக்கத்தில் எத்தனை ஐயர் வீட்டில் இது நடக்கிறது? சொல்லுங்கள் பார்ப்போம். (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் "ஐயர்" என்றால் சபைக் குரு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

நூலகப்பூச்சி

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரும் இல்லை.

சந்தேகராசா சொன்ன பயத்துக்கு ஒரு முன்கதை உண்டு. ஆப்பிரிக்காவில் சாமுவேல் குரோதர் என்பவரை 1864ல் நைஜர் பகுதிக்கு பிஷப் ஆக்கினார்கள், முதல் கறுப்பின ஆங்கிலிக்கன் பிஷப். கடைசிக் காலத்தில் இளவட்ட மிஷனரிகள் போய் அவர் அதிகாரத்தைப் பிடுங்கி, அவருடைய ஆட்களை விரட்டி, மனிதரை நோகடித்தார்கள். 1891ல் அவர் இறந்ததும் அந்த இடத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். "சுதேசி பிஷப் சரிப்படாது" என்று சொல்ல விரும்பியவர்களுக்கு அதற்குப் பிறகு குரோதர் பெயர் கைவசம் இருந்தது. அசரியா பெயர் அடிபட்டபோதும் எதிர்ப்பு பலமாகத்தான் இருந்தது.

அவருக்காக நின்று வாதாடியவர் சென்னை பிஷப் ஹென்றி ஒயிட்ஹெட். (தத்துவ அறிஞர் ஒயிட்ஹெட்டின் அண்ணன் இவர்.) சிறிய இடத்தில் தொடங்கலாம் என்று எதிர்ப்பாளர்களைச் சமாதானப்படுத்திய தந்திரம் என்று வேண்டுமானால் சொல்லுங்கள். ஆனால் 1920களில் கிருஷ்ணா பக்கத்து மிஷன்களும் கர்நூல், நந்தியால் பகுதிகளும் அதே தோர்னக்கலோடு சேர்ந்தன. அப்போது ஏராளமான வெள்ளைக்கார மிஷனரிகள் அவருக்குக் கீழே வேலை பார்த்தார்கள். குரோதருக்கு நேர்ந்தது இவருக்கு நேரவில்லை. சபை மக்கள் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. பொட்டல் என்று கொடுத்தது பொட்டலாக இருக்கவில்லை.

பெயரைப் பற்றி ஒரு சின்னத் தகவல். இயற்பெயர் சாமுவேல்தான். கல்லூரியில் இன்னொரு சாமுவேல் இருந்ததால் அசரியா சேர்ந்துகொண்டது. நெல்லையில் ஒரு வகுப்பில் "சாமுவேல்" என்று கூப்பிட்டால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள் என்பது அண்ணாச்சிக்குத் தெரியும். தானியேல் புத்தகத்தில் எரிகிற சூளைக்குள் போடப்பட்ட ஆபேத்நேகோவின் எபிரெயப் பெயர்தான் அசரியா.

மெஞ்ஞானபுரத்து அண்ணாச்சி

நாலு இல்லை, ஏழு.

சந்தேகராசா

ஒயிட்ஹெட் நல்லவர் என்பதில் எனக்குச் சண்டையில்லை. நல்ல எஜமான் ஒருவர் தூக்கிவிட்டதால் மேலே வந்தவர் அவரை எதிர்த்து என்ன பேசியிருக்கப் போகிறார் என்பதுதான் என் கேள்வி.

நூலகப்பூச்சி

எதிர்த்துப் பேசினார், அதுவும் பிஷப் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்பு. வாயைத் திறந்தால் பதவி போய்விடும் என்ற நிலையில்.

1910ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. சுமார் 1200 பிரதிநிதிகள், அதில் ஆசியச் சபைகளிலிருந்து வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. மேடையில் அசரியா ஏறினார். தலைப்பு, அயல்நாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையிலான ஒத்துழைப்பு. எல்லோரும் நன்றியுரை எதிர்பார்த்திருப்பார்கள். அவர் பேசியது மிஷனரி வீட்டு வாசலைப் பற்றி. வருஷக்கணக்கில் ஒரே ஊரில் சேர்ந்து ஊழியம் செய்கிறீர்கள், உங்களோடு உழைக்கும் இந்தியன் வீட்டுக்கு வந்திருக்கிறீர்களா, அவனை உங்கள் வீட்டுக்குள் கூப்பிட்டிருக்கிறீர்களா என்ற தொனி. முடிக்கும்போது பவுலின் நிருபத்தை அவர்களுக்கே திருப்பிப் படித்துக் காட்டினார். "ஏழைகளுக்குச் சோறிட உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள். சுட்டெரிக்க உங்கள் சரீரத்தைக் கொடுத்தீர்கள். அன்பையும் கேட்கிறோம். எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்!"

ஒன்று கொரிந்தியர் பதின்மூன்றாம் அதிகாரம் தெரிந்தவர்களுக்கு இதில் இருக்கும் ஊசி புரியும். எல்லாவற்றையும் கொடுத்தாலும் அன்பிராவிட்டால் ஒன்றுமில்லை என்று வரும் வசனம் அது. அவையில் பலருக்கு நெளிச்சல். கோபப்பட்டவர்களும் உண்டு.

பனங்காடு

இது எனக்குத் தெரியாது. பள்ளியில் "முதல் இந்திய பிஷப்" என்று ஒரு வரிதான் படித்தோம்.

கதர்த்துண்டு

நண்பர்களே, மேடைப் பேச்சை விட்டுவிட்டுத் தரைக்கு வாருங்கள்.

வெள்ளை மிஷனரியிடம் நட்பு கேட்டவர் நாட்டுக்கு என்ன செய்தார்? 1920லும் 1930லும் தேசமே சிறைக்குப் போனது. காங்கிரஸ் போராட்டம் எதிலும் அவர் இறங்கவில்லை. 1920ல் கேம்பிரிட்ஜ் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பட்டம் வாங்காமல் கல்லூரியை விட்டவருக்குப் பெரிய இடத்துப் பட்டம், சந்தோஷம்தான். ஆனால் ஜாலியன்வாலா பாக் நடந்த அடுத்த வருஷம் அது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பெரிய பிரச்சினை மதமாற்றம். ஒரு மனிதன் படித்து, யோசித்து, மனம் மாறி இன்னொரு மதத்துக்குப் போனால் காந்திக்கு ஆட்சேபம் இல்லை. கிராமம் கிராமமாக, சேரி சேரியாக, எழுதப் படிக்கத் தெரியாத மக்களை மொத்தமாக ஞானஸ்நானம் கொடுத்துச் சேர்ப்பதை ஆன்மிகம் என்று எப்படிச் சொல்வது? 1936-37ல் ஹரிஜன் பத்திரிகையில் அவர் இதைத் திரும்பத் திரும்ப எழுதினார். ஆந்திரப் பகுதியில் நடந்ததைக் குறிவைத்துத்தான். தீண்டாமையை ஒழிக்க வேண்டியது இந்துக்களின் பொறுப்பு. பக்கத்து வீட்டில் அப்பன் பிள்ளை சண்டை நடக்கும்போது பிள்ளையை நம் வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவது சமாதானமா?

செருப்புத்தடம்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். "அப்பன் பிள்ளை சண்டை" என்ற வரிக்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஐயா கதர்த்துண்டு, 1936 நவம்பரில் ஜான் மாட் என்ற அமெரிக்கர் காந்தியைப் பார்க்க வந்தார். எடின்பரோ மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அதே மாட்தான். மதமாற்றம் பற்றிப் பேச்சு வந்தது. பசுவிடம் போய்ச் சுவிசேஷம் சொல்வீர்களா என்று காந்தி கேட்டார். தீண்டத்தகாதவர்களில் சிலர் புரிந்துகொள்வதில் பசுவையும் விட மோசம் என்றார். அவர் பத்திரிகையிலேயே அச்சாகி வந்தது. பசு என்பதை இழிவாகச் சொல்லவில்லை என்று பிறகு விளக்கமும் கொடுத்தார். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை.

அந்தப் பசுக்கள் என்ன செய்தன தெரியுமா? அசரியா பிறப்பதற்கு முன்பே, 1859ல், ராகவபுரத்தில் பகோலு வெங்கையா என்ற மாலர் (மாலர், மாதிகர் இரண்டும் தெலுங்கு நாட்டில் தீண்டாமைக்கு ஆளான சாதிகள்) தானாக மிஷனரியைத் தேடிப் போய் ஞானஸ்நானம் வாங்கினார். பிறகு ஊர் ஊராகப் போய்ச் சொன்னதும் அவரேதான். ஓங்கோல் பக்கம் எர்ரகுண்ட்ல பேரய்யா என்ற மாதிகர். தோல் வாங்க விற்கச் சுற்றியவர், வியாபாரத்தோடு செய்தியையும் கொண்டுபோனார். இவர்களை எந்த பிஷப்பும் தூக்கி வரவில்லை. தங்கள் காலால் நடந்து வந்தார்கள். காந்தியும் அசரியாவும் "இவர்கள் யாருக்குச் சொந்தம்" என்று மோதுவதற்கு அறுபது எழுபது வருஷம் முன்பே அந்த மக்கள் முடிவு எடுத்துவிட்டார்கள்.

அதனால் இந்த இழையின் கேள்வியே எனக்குக் கோணலாகப் படுகிறது. அவர் வெள்ளைக்காரனுக்குப் பொம்மையா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். அவர் சபையில் இருந்த மாலருக்கும் மாதிகருக்கும் அவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கம்மம் ரயில்

நான் ரயில்வேயில் இருந்தவன், தமிழன். அந்தப் பக்கத்தில் பல வருஷம் வேலை. தோர்னக்கலில் மட்டும் நாலு வருஷம் குடியிருந்தேன். கிறிஸ்தவன் இல்லை. வரலாறு தெரியாது, கேட்டதைச் சொல்கிறேன்.

அங்கே வயசானவர்கள் "அசரய்யா காரு" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்லக் கேட்ட படம் இதுதான்: மாட்டு வண்டி, சில சமயம் சைக்கிள். கிராமத்துக்கு வந்தால் முதலில் கேட்பது குடி உண்டா, கடன் உண்டா என்று. குடியை விடாதவனுக்குத் திடப்படுத்தல் (பிஷப் கைவைத்து முழு உறுப்பினராக்கும் சடங்கு) கிடையாது என்பதில் கறாராம். பிறகு, ஞானஸ்நானம் வாங்கிய ஒவ்வொருவரையும் தலையில் கையை வைத்து, "நான் சுவிசேஷம் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ" என்று சொல்ல வைப்பாராம். ஒரு பாட்டியம்மா எனக்கு அதைத் தெலுங்கில், தலையில் கை வைத்து, அப்படியே செய்து காட்டினார். அவர் மாமியார் அப்படிச் சொன்னவராம்.

செருப்புத்தடம் கேட்ட கேள்விக்கு இது பதிலா என்று தெரியவில்லை. தெருவில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது என்று வைத்திருந்த பெண்ணிடம், "நீ போய் மற்றவர்களுக்குச் சொல்" என்றதும் அவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

செருப்புத்தடம்

பதில்தான் ஐயா. பாதிப் பதில். அதை மறுக்க மாட்டேன். எங்கள் ஆச்சி எழுத்துக் கற்றது அப்படி ஒரு சபைத் திண்ணையில்தான்.

மீதிப் பாதி இது. அம்பேத்கர் 1935ல் இயோலாவில் "இந்துவாகச் சாகமாட்டேன்" என்றார். அதற்குப் பிறகு அவருக்கும் அசரியாவுக்கும் நடந்ததாக ஒரு பேச்சு வாழ்க்கை வரலாறுகளில் வருகிறது. நாங்கள் கிறிஸ்தவர்களானால் எங்கே இருந்தாலும் ஒரே சபையாக இருக்க முடியுமா, சாதி பார்க்காமல் எங்களைச் சேர்ப்பார்களா என்று அம்பேத்கர் கேட்டாராம். ஆம் என்று சொல்ல வாய் வராமல் தலைகுனிந்ததாக அசரியாவே பின்னால் சொன்னாராம். அந்தப் பேச்சு அப்படியே நடந்ததோ இல்லையோ, கேள்வி இன்றுவரை நிற்கிறது. நான் பிறந்த சபையில் (பெயர் வேண்டாம்) கமிட்டித் தேர்தல் வந்தால் எந்தத் தெருவுக்கு எத்தனை ஓட்டு என்று சாதிக் கணக்குத்தான் போடுகிறார்கள். கல்லறைத் தோட்டத்திலும் நடுவில் சுவர்.

மெஞ்ஞானபுரத்து அண்ணாச்சி

அது நியாயமான அடி. வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அந்தத் தலைகுனிவோடு அவர் வீட்டுக்குப் போய்த் தூங்கவில்லை. சபை ஒற்றுமைக்காக அவர் பாடுபட்டது அதற்கும் முன்பிருந்தே. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் முப்பத்து மூன்று குருமார் கூடினார்கள், இரண்டு பேர் தவிர எல்லோரும் இந்தியர்கள். நம்மைப் பிரித்து வைத்திருக்கும் கோடுகள் நாம் போட்டவை இல்லை, மேல்நாட்டிலிருந்து வந்தவை என்று அறிக்கை விட்டார்கள். அதற்கு முன்நின்றவர்களில் அசரியா ஒருவர். 1927ல் சுவிட்சர்லாந்தில் லோசானில் நடந்த உலகச் சபைகள் மாநாட்டுக்குப் போய், சபைப் பிரிவினை உங்கள் ஊரில் வெறும் பலவீனமாக இருக்கலாம், எங்கள் ஊரில் அது பாவம், இடறல் என்று சொன்னார். அந்த வழியில்தான் 1947 செப்டம்பர் 27ல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தது. பிஷப் வைத்த சபையும் பிஷப்பே வேண்டாம் என்ற சபையும் ஒன்றாகச் சேர்ந்தது உலகத்தில் அதுதான் முதல் தடவை. அதைக் கண்ணால் பார்க்காமலே இரண்டேமுக்கால் வருஷம் முன்பு போய்விட்டார் மனிதர்.

சந்தேகராசா

அண்ணாச்சி, அவர் ஆண்ட திருமண்டலத்திலேயே நந்தியால் பகுதி சி.எஸ்.ஐ.யில் சேர மறுத்துத் தனியாக நின்றதையும் சொல்லுங்கள்.

மெஞ்ஞானபுரத்து அண்ணாச்சி

சொல்கிறேன். நின்றார்கள். 1970கள் வரை.

செருப்புத்தடம்

மெதடிஸ்டும் ஆங்கிலிக்கனும் சேர்ந்தது பெரிய விஷயந்தான். மாலரும் மாதிகரும் ஒரே பெஞ்சில் சேர்ந்தார்களா என்பது வேறு கணக்கு. நான் கேட்டது இரண்டாவது.

கதர்த்துண்டு

செருப்புத்தடம் அவர்களே, பசு பற்றிய வாசகம் வருந்தத்தக்கது. அதை நான் நியாயப்படுத்தவில்லை. அப்பன் பிள்ளை உவமையையும் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும். 1932ல் பிரிட்டிஷ் பிரதமர் மெக்டொனால்டின் வகுப்புவாரித் தீர்ப்பு வந்தபோது தனித்தொகுதியை, அதாவது அந்தந்த வகுப்பார் மட்டும் ஓட்டுப் போடும் தொகுதியை, அசரியாவும் எதிர்த்தார். கிறிஸ்தவர்களைத் தனி வாக்காளர் கூட்டமாக்குவது சபையின் இயல்புக்கே விழும் அடி என்றார். காந்தியோடு ஒரே பக்கம் நின்ற இடம் அது. தேசபக்தியில்லாதவர் என்பதுபோல நான் முதலில் எழுதியது மிகைதான், சிறைக்குப் போகாதவர் என்று திருத்திக்கொள்கிறேன்.

செருப்புத்தடம்

ஐயா, நீங்கள் பாராட்டும் அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் வருத்தமே.

தனித்தொகுதி வேண்டாம் என்று சொல்வது யாருக்குச் சுலபம்? பொதுத்தொகுதியில் நின்றாலும் நாலு பேர் ஓட்டுப் போடக்கூடிய படித்த கிறிஸ்தவனுக்கு. வாரங்கல் காட்டில் வெட்டியாள் வேலை பார்த்த மாதிகக் கிறிஸ்தவனுக்கு அது என்ன தரும்? கிறிஸ்தவர் என்ற அடையாளத்தை ஆன்மிகமாக மட்டும் பார்த்தார் அசரியா. சர்க்கார் அப்படிப் பார்க்கவில்லை. 1936ல் வந்த பட்டியல் சாதிகள் ஆணை, இந்தியக் கிறிஸ்தவன் எவனும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டான் என்றது. 1950ல் குடியரசுத் தலைவர் ஆணையும் அதே கோட்டைப் பிடித்தது. பிறகு 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, எங்களுக்கு இல்லை. தெருவில் சாதி உண்டு, சபையில் சாதி உண்டு, சர்க்கார் காகிதத்தில் மட்டும் நாங்கள் சாதி இல்லாதவர்கள்.

நூலகப்பூச்சி

ஒரு திருத்தம். அவர் எதிர்த்ததால் எதுவும் நின்றுவிடவில்லை. 1935 சட்டத்தில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வந்தது, 1937 தேர்தலில் சென்னை மாகாணத்தில் அதில் போட்டியும் நடந்தது. 1936, 1950 ஆணைகளை அவர் கணக்கில் எழுத முடியாது. 1950ல் அவர் உயிரோடே இல்லை.

செருப்புத்தடம்

அவர் கணக்கில் எழுதவில்லை. ஞானஸ்நானம் வாங்கினால் ஒரு மாதிகனுக்கு இந்த மண்ணில் என்னென்ன போகும் என்பதை அந்த இரண்டு லட்சம் பேரின் பிஷப் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறேன். எடின்பரோவில் வெள்ளைக்காரனைப் பார்த்துக் கேட்கும் தைரியம் இருந்ததே.

சந்தேகராசா

பொம்மை என்று நான் முதலில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். எடின்பரோ பேச்சைத் தேடிப் படித்தேன். பொம்மை அப்படிப் பேசாது. ஆனால் முப்பத்திரண்டு வருஷம் ஒரே ஆள் என்ற கணக்கை மாற்றிக்கொள்ள மாட்டேன். அது அவர் குற்றமில்லை, அவரை நியமித்தவர்கள் மேல் குற்றம். "முதல் இந்தியர்" என்று நாம் பெருமைப்படும்போதெல்லாம் இரண்டாமவர் எப்போது என்று கேட்டுப் பார்க்கலாம்.

கம்மம் ரயில்

கோயிலைப் பற்றி யாரும் பேசவில்லையே. அதையும் சொல்லிவிடுகிறேன். 1939 ஜனவரி 6ல் பிரதிஷ்டை ஆன பேராலயம். முதல்முறை பார்த்தபோது மசூதி என்று நினைத்தேன். மேலே குமிழ்க் கோபுரங்கள், மினார் மாதிரித் தூண்கள். உள்ளே போனால் நம்ம கோயில் மண்டபம் மாதிரிக் கல்தூண் வரிசை. தாமரை உண்டு, சிலுவையும் உண்டு. லண்டனிலிருந்து வரைபடம் வாங்கி ஊசிக்கோபுரம் வைத்துக் கட்டியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். இதைக் கட்டி முடிக்கப் பல வருஷம் இழுத்தது, அதிலும் பணம் தட்டுப்பாடு வேறு. நிஜாம் ஊர், தெலுங்கு மக்கள், தமிழ் பிஷப், மூன்றும் அந்தக் கட்டடத்தில் தெரியும். எனக்கு அது பிடிக்கும். வெயில் நேரத்தில் உள்ளே சில்லென்று இருக்கும்.

மெஞ்ஞானபுரத்து அண்ணாச்சி

பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவர் அங்கே போய் இப்படிக் கட்டினார் என்பதுதான் விசேஷம்.

செருப்புத்தடம்

கட்டடம் அழகுதான், நானும் பார்த்திருக்கிறேன். பனங்காடு தம்பியிடம் ஒரு கேள்வி. மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். பாட்டி தினம் ஒரு பிடி அரிசி போட்டார் இல்லையா. அந்த அரிசி யாருக்குப் போனதோ, அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் எங்கே உட்கார வைத்திருப்பார்?

பனங்காடு

நேற்று ராத்திரி இதைப் படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் பண்ணினேன். நேரடியாகவே கேட்டேன்.

அம்மா கல்யாணமாகி வந்த புதிதில், சங்கத்துப் பண்டிகைக்குத் தெலுங்கு நாட்டிலிருந்து உபதேசியார் ஒருவர் வந்திருந்தாராம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வேளைச் சாப்பாடு என்று சபையில் முறை போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார். பாட்டி ஆட்டுக்கறி வைத்து, அப்பளம் பொரித்து, தடபுடலாகச் சமைத்தாளாம். இலை போட்டது திண்ணையில். உள்ளே புழுக்கமாக இருக்கும், இங்கே காற்று வரும் என்று பாட்டி அவரிடம் சொன்னாளாம். அவர் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்காக முழங்காலில் நின்று ஜெபம் பண்ணிவிட்டுப் போனாராம். அன்றைக்கு ராத்திரியும் பாட்டி டின்னில் அரிசி போட்டாளாம்.

"மற்ற விருந்தாளியையும் திண்ணையில்தான் உட்கார வைப்பீர்களா" என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "இல்லடா" என்றார்.

செருப்புத்தடம்

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மழுப்பியிருக்கலாம், மழுப்பவில்லை.

மெஞ்ஞானபுரத்து அண்ணாச்சி

எங்கள் வீட்டிலும் திண்ணைதான், தம்பி.

கம்மம் ரயில்

பனங்காடு தம்பி, அடுத்த தடவை அந்த வழியாகப் போனால் தோர்னக்கலில் இறங்கிப் பாருங்கள். ஸ்டேஷனில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். எல்லா எக்ஸ்பிரஸும் அங்கே நிற்காது, டிக்கெட் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் ஆராதனை முடிந்ததும் பெரியவர்கள் வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார்கள். திருநெல்வேலியிலிருந்து வருகிறேன் என்று சொல்லுங்கள், சாப்பிடாமல் விடமாட்டார்கள்.